மனம் மாறினால் மூளையையும் பாருங்கள்

நமது ஊரில் நன்றாக இருந்த ஒரு பெண்பிள்ளை திடீரென்று மாறிப்போனால், அதற்கு மூன்று விளக்கங்கள் ஆயத்தமாக இருக்கும். படித்துப் படித்து மண்டை குழம்பிவிட்டது என்பது ஒன்று. யாரையோ மனதில் வைத்துக்கொண்டு சொல்ல முடியாமல் தவிக்கிறாள் என்பது இரண்டு. மஃரிபு நேரத்தில் தலையை மூடாமல் கிணற்றடிக்குப் போனாள், ஏதோ பட்டுவிட்டது என்பது மூன்று. இந்த மூன்றையும் நான் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நான்காவது விளக்கம் ஒன்றும் உண்டு. அந்தப் பிள்ளையின் மூளை வீங்கியிருக்கலாம். கிருமியால் அல்ல, அவளுடைய உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே அவளுடைய மூளையைத் தவறுதலாகத் தாக்குவதால். இதைத் தன்னிர்ப்பீடன மூளை அழற்சி என்கிறார்கள். இந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. காலத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலானோர் எழுந்து நடக்கிறார்கள், மீண்டும் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். ஆனால் முதல் மூன்று விளக்கங்களில் நாட்கள் போய்விட்டால் நான்காவதற்கு நேரம் குறைந்துவிடுகிறது.

இதை நான் பாடப் புத்தகத்திலிருந்து அறிந்துகொள்ளவில்லை. நான் தரம் 7இல் படித்தபோது என் பெரியம்மாவின் மகளுக்கு இந்நோய் வந்தது. ராத்தா என்றுதான் அவரை அழைப்பேன். இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று அவரிடம் கேட்டேன். “பேரைப் போடாதே. ஆனா எழுது” என்றார். ஆகையால் எழுதுகிறேன்.

ராத்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்தார். பின்னேரங்களில் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பார். முதலில் வந்தது காய்ச்சலும் தலையிடியும்தான். டெங்கோ என்று பயந்து இரத்தம் சோதித்தார்கள். டெங்கு இல்லை. காய்ச்சல் விட்டது, ஆனால் நித்திரை போய்விட்டது. மூன்று இரவுகள் கண் மூடவில்லை. பிறகு பேச்சு மாறியது. ஒரு சொல்லை ஆரம்பித்தால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்த வீட்டார் தொலைபேசி வழியாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பெரியம்மா கொடுத்த தேநீரில் எதையோ கலந்திருக்கிறார்கள் என்று சொல்லித் தட்டிவிட்டார். தாயிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தாத பிள்ளை அவர்.

பெறுபேற்றை நினைத்து மனம் குழம்பியிருக்கும் என்றார் ஒருவர். வீட்டில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததால், அது பிடிக்கவில்லை போலும் என்றார் இன்னொருவர். புத்தளத்திலிருந்து உறவினர்கள் தொலைபேசியில் பேசினார்கள். 1990இல் இங்கிருந்து வெளியேற்றப்பட்டு, பல வருடங்கள் புத்தளத்தில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பம் அது. சொந்தம் பாதி இங்கே, பாதி அங்கே. அங்கே நன்றாக ஓதிப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார் என்று சொல்லவும் பஸ் ஏறிப் போனார்கள். போனது, இருந்தது, வந்தது என்று நான்கு நாட்கள் கழிந்தன. திரும்பி வந்தபோது ராத்தா பேசுவதை நிறுத்தியிருந்தார். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. வாய் மட்டும் எதையோ மெல்லுவது போல அசைந்துகொண்டே இருக்கும். ஒரு மருந்தகத்தில் மனநோய்க்கென்று கொடுத்த மாத்திரையைப் போட்டதும் உடம்பு விறைத்தது. அன்றிரவு வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் ஆசுபத்திரி.

அங்கே ஒரு நரம்பியல் வைத்தியர் பெரியம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, “என்ன நடந்தது?” என்பதல்ல. “எது முதலில், எது பிறகு?” என்பதுதான். பெரியம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எரிவாயு மாற்றிய நாள், பால் கணக்கு, யாருக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் சுவரிலுள்ள தொழுகை நேர நாட்காட்டியில் பென்சிலால் குறித்து வைப்பார். பெரியப்பா வீட்டுக்குப் போய் அந்த நாட்காட்டியையே கழற்றிக் கொண்டுவந்தார். காய்ச்சல், நித்திரை இல்லை, தேநீரைத் தட்டினாள், பேச்சில்லை, வலிப்பு. பதினெட்டு நாட்களுக்குள் இவ்வளவும். வைத்தியர் அதை வரிசையாக வாசித்துவிட்டு, “இது மனநோய் தொடங்குகிற விதம் மாதிரித் தெரியவில்லை. மூளையைப் பார்க்க வேண்டும்” என்றார்.

அந்த வரிசை ஏன் முக்கியம் என்பது இப்போது உயிரியல் படிக்கும்போது எனக்கு விளங்குகிறது.

நமது உடலுக்குள் ஒரு வைரஸ் நுழைந்தால் நிர்ப்பீடனத் தொகுதி அதற்கெதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. ஒவ்வொரு பிறபொருளெதிரியும் ஒரு குறித்த வடிவத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் புரதம். இது பகைவன், இது சொந்தம் என்று பிரித்தறிவதில்தான் அதன் திறமை இருக்கிறது. சில வேளைகளில் அந்தப் பிரித்தறிவு தவறிவிடுகிறது. சொந்தக் கலத்தின் மேலுள்ள ஒரு புரதத்தையே பகையென்று எண்ணி ஒட்டிக்கொள்கிறது. மூட்டுகளில் இது நடந்தால் மூட்டுவாதம், தைரொயிட் சுரப்பியில் நடந்தால் தைரொயிட் நோய். மூளையில் நடந்தால் அதுவே நான் சொல்லும் நோய்.

இதில் அதிகம் அறியப்பட்ட வகையில் தாக்கப்படுவது என்.எம்.டி.ஏ. வாங்கி என்ற புரதம். நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடங்களில் இந்த வாங்கிகள் இருக்கின்றன. நினைவு, கற்றல், பேச்சு, நடத்தை எல்லாவற்றுக்கும் இவை தேவை. பிறபொருளெதிரி வந்து ஒட்டிக்கொண்டதும் நரம்புக்கலம் அந்த வாங்கிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. வாசலில் இருந்த அழைப்பு மணியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டது போல. வெளியே இருப்பவர் அழுத்த மணி இல்லை. வீடு இடிந்துவிடவில்லை, ஆனால் செய்தி உள்ளே போகவில்லை. கலம் பெரும்பாலும் சாவதில்லை என்பதில்தான் நம்பிக்கையும் இருக்கிறது. பிறபொருளெதிரி குறைந்தால் வாங்கிகள் மெதுவாகத் திரும்பி வருகின்றன.

இந்த நோய்க்குப் பெயர் கிடைத்தே அதிக காலம் ஆகவில்லை. ஸ்பெயினைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 2007இல் இதை அடையாளம் கண்டார்கள். அவர்கள் முதலில் விவரித்த 12 பேரும் பெண்கள். 2007 என்றால் ஏ9 வீதி மூடிக் கிடந்த காலம் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னரும் இந்நோய் இருந்தே இருக்கும். எத்தனை ஊர்களில் எத்தனை பெண்பிள்ளைகள் அறையில் அடைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் காரணம் தெரியாமலே மௌத்தானார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

பெயர் கிடைத்து இரண்டு வருடங்களின் பின், 2009இல், நியூயோர்க் நகரில் சூசன்னா கஹாலன் என்ற 24 வயதுப் பத்திரிகையாளருக்கு இது வந்தது. எங்கள் ராத்தாவின் கதையை அவருடைய கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாடும் மொழியும் மதமும்தான் வேறு. அவருக்கும் முதலில் சிறு சிறு சுகவீனங்கள், பிறகு நித்திரையின்மை, யாரோ தனக்கு எதிராக இருக்கிறார்கள் என்ற பயம், வலிப்பு, இறுதியில் பேச்சும் அசைவும் மங்கிய நிலை. அங்கேயும் ஆயத்தமான விளக்கங்கள் இருந்தன. வேலைப்பளு, குடி, மனநோய் என்றார்கள். ஸ்கான் படங்களில் ஒன்றும் தெரியவில்லை.

சிரியாவில் பிறந்த நரம்பியல் மருத்துவரான சூஹைல் நஜ்ஜார் அவரைப் பார்க்க வந்தார். விலையுயர்ந்த கருவி எதையும் அவர் கொண்டுவரவில்லை. ஒரு தாளைக் கொடுத்து மணிக்கூட்டு முகம் ஒன்றை வரையச் சொன்னார். சூசன்னா வட்டத்தை வரைந்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரையுள்ள எண்களை எல்லாம் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார். இடது பாதி வெறுமையாக இருந்தது. மனக்கவலை உள்ள ஒருவர் மணிக்கூட்டை இப்படி வரையமாட்டார். மூளையின் வலது பக்கம் அழற்சியடைந்திருக்கிறது என்று மருத்துவர் ஊகித்தார். அடுத்தடுத்த பரிசோதனைகள் அதை உறுதி செய்தன. சிகிச்சைக்குப் பிறகு சூசன்னா தம் பத்திரிகை வேலைக்குத் திரும்பினார். தமக்கு நினைவில்லாத அந்த ஒரு மாதத்தைப் பற்றி, மற்றவர்களிடம் விசாரித்து 2012இல் ஒரு நூலும் எழுதினார்.

இன்னொரு சாட்சியும் உண்டு. பேர்லின் மிருகக்காட்சிச்சாலையில் க்னூட் என்ற துருவக் கரடி இருந்தது. குட்டியாக இருந்தபோதே உலகம் முழுவதும் பிரபலமானது. 2011 மார்ச்சில், நான்கு வயதில், பார்வையாளர் முன்னிலையிலேயே வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்து மூழ்கி இறந்தது. காரணத்தைக் கண்டறிய நான்கு வருடங்கள் சென்றன. 2015இல்தான் ஆய்வாளர்கள் அதன் மூளைப் பாய்பொருளில் இதே என்.எம்.டி.ஏ. வாங்கிக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டார்கள். இதை வாசித்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. துருவக் கரடிக்குப் பரீட்சைப் பயம் இல்லை. அதற்கு யாரும் கலியாணம் பேசவில்லை. மஃரிபு நேரத்தில் அது கிணற்றடிக்கும் போகவில்லை.

ராத்தாவுக்கு என்னென்ன பரிசோதனைகள் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றின் முன்னாலும் எங்கள் குடும்பம் தயங்கி நின்றது. நாளை இன்னொரு குடும்பம் அதே இடத்தில் நிற்கக்கூடும்.

முதலாவது முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுக்கும் பரிசோதனை. முதுகில் ஊசி போட்டால் கால் இழுத்துப்போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெரியப்பா கையொப்பமிட மறுத்தார். அந்த வைத்தியர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். முண்ணாண் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடப்படுவது அதற்கும் கீழே, பாய்பொருள் மட்டும் உள்ள இடத்தில். பக்கவாட்டில் படுக்க வைத்துச் சிறிதளவு நீர் எடுப்பார்கள். பிறகு சிலருக்கு ஓரிரு நாள் தலையிடி இருக்கும். அந்த நீரில்தான் கிருமி இருக்கிறதா, பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்க்க முடியும். கிருமியால் வரும் மூளைக் காய்ச்சலுக்கு மருந்து வேறு. ஆகவே இந்தப் பரிசோதனை இல்லாமல் வைத்தியர் இருட்டில்தான் நடக்க வேண்டும்.

இரண்டாவது தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜீ. பரிசோதனை. இதில் வலியே இல்லை. மனநோய் மட்டும் உள்ளவரின் அலைகள் பெரும்பாலும் இயல்பாக இருக்கும். மூளை அழற்சி உள்ளவரின் அலைகள் மந்தமாகிவிடும். மூன்றாவது எம்.ஆர்.ஐ. ஸ்கான். இந்நோயாளிகளில் பலருக்கு இந்த ஸ்கான் இயல்பாகவே வரும். ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால் நோயே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

நான்காவதில்தான் பெரியம்மா கலங்கிப்போனார். வயிற்றை ஸ்கான் செய்து சூலகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். “கலியாணம் முடிக்காத பிள்ளைக்கு ஏன் அந்த ஸ்கான்?” என்று என் உம்மாவின் காதில் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு நல்ல விடையும் உண்டு. சில பெண்களின் சூலகத்தில் டெரட்டோமா என்ற கட்டி வளரும். பல்லும் முடியும் நரம்பு இழையமும்கூட அதற்குள் இருக்கும் விசித்திரமான கட்டி அது. கட்டிக்குள் இருக்கும் நரம்பு இழையத்தைக் கண்டு எதிர்ப்பைத் தொடங்கும் நிர்ப்பீடனத் தொகுதி, அதே போன்றிருக்கும் மூளையையும் தாக்கிவிடுகிறது. கட்டியை அகற்றினால்தான் நோய் தணியும். இதற்கும் ஒழுக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வயிற்றின் மேலே வைத்து எடுக்கும் ஸ்கான் அது. பெண் தாதி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. கேட்டோம், இருந்தார். ராத்தாவுக்குக் கட்டி எதுவும் இருக்கவில்லை.

பிறபொருளெதிரிப் பரிசோதனையின் முடிவு வரச் சில நாட்கள் எடுக்கும் என்றார்கள். ஆனால் சிகிச்சையை அதுவரை தள்ளிவைக்கவில்லை. 2016இல் பல நாட்டு நரம்பியல் நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டலின் சாரமும் இதுதான். அறிகுறிகளும் ஆரம்பப் பரிசோதனைகளும் இந்நோயைச் சுட்டினால், வேறு காரணங்களைத் தவிர்த்துவிட்டு, பிறபொருளெதிரி முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.

சிகிச்சை முதலில் நிர்ப்பீடனத் தொகுதியை அமைதிப்படுத்துகிறது. மெதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தைப் பெரியவர்களுக்கு வழமையாக நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் மூன்று முதல் ஐந்து நாட்கள் நாளத்தில் ஏற்றுவார்கள். நன்கொடையாளர்களின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த இமியூனோகுளோபியூலினையும் ஏற்றுவதுண்டு. அல்லது நோயாளியின் குருதியிலுள்ள திரவவிழையத்தை இயந்திரத்தின் மூலம் அகற்றி, பிறபொருளெதிரிகளை அதனுடன் வெளியேற்றுவார்கள். இவை போதாவிட்டால் ரிட்டுக்ஸிமாப், சைக்ளோபொஸ்பமைட் போன்ற மருந்துகள் இரண்டாம் கட்டமாக இருக்கின்றன. வலிப்புக்கும் நித்திரைக்கும் தனி மருந்து. மூச்சு தடைப்பட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவு.

ராத்தாவின் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, எங்கள் உம்மம்மா தலைமாட்டில் இருந்து யாஸீன் ஓதினார். தாதி ஒருவர் வந்து சேலைன் போத்தலைச் சரிசெய்துவிட்டு, ஓதி முடியும்வரை சத்தமில்லாமல் நின்றார். அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஓதுவதற்கு ஆசுபத்திரி தடையாக இருக்கவில்லை. ஆசுபத்திரிக்கு ஓதுவது தடையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஜின்கள் இருப்பதை நாம் நம்புகிறோம். ஆனால் எல்லா நோயும் ஜின் என்று நமக்கு யாரும் கற்பிக்கவில்லை. நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் தந்திருக்கிறான், அதைத் தேடுங்கள் என்றுதான் மத்ரஸாவில் கற்றோம். பெரியம்மையையும் சின்னமுத்தையும் வெவ்வேறு நோய்கள் என்று பிரித்து எழுதிய அர்-ராஸி ஒரு முஸ்லிம் மருத்துவர்தான். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டத் தொடங்கிய பெரிய மருத்துவமனையில் மனம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இடம் இருந்தது. ஒன்றுபோலத் தோன்றும் நோய்களைப் பிரித்தறிவதும், மனம் பாதிக்கப்பட்டவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவதும் நமக்குப் புதிய பழக்கங்கள் அல்ல. நாம் மறந்துபோன பழக்கங்கள்.

ராத்தா சினிமாவில் வருவது போல ஒரே நாளில் எழுந்து உட்காரவில்லை. முதல் ஐந்து நாட்களில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது கிழமை பெரியம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு ஒரு நாள் “தண்ணி” என்றார். வீட்டுக்கு வந்த பின்னும் சிறு பிள்ளை போல நடந்துகொண்டார். காரணமில்லாமல் சிரிப்பார், அடுத்த நிமிடம் அழுவார். மனனமாக இருந்த சூராக்களில் பல தட்டுத்தடுமாறின. சின்னச் சூராக்களிலிருந்து மீண்டும் தொடங்கினார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தது நான்தான். அவரிடம் ஓதக் கற்ற நான் அவருக்குப் பாடம் கேட்டேன். அந்த வருட நோன்பில் வைத்தியர் நோன்பு பிடிக்க வேண்டாம் என்றார். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அது என்று மௌலவியும் சொன்னார். ஏறத்தாழ ஒரு வருடத்தில் பழைய ராத்தாவைப் பார்த்தோம். இன்று அவர் ஒரு முன்பள்ளியில் ஆசிரியை. நோயின் நாட்கள் மட்டும் அவருக்கு நினைவில்லை.

இது ஒருவருக்கு மட்டும் கிடைத்த அதிர்ஷ்டமல்ல. 2013இல் டால்மாவின் குழுவினர் பல நாடுகளைச் சேர்ந்த 577 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் 81 வீதமானோர் பெண்கள். நடு வயது 21. ஏறத்தாழ 38 வீதமானோரிடம் கட்டி இருந்தது. முதற்கட்டச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் நான்கு கிழமைக்குள் தேறத் தொடங்கினார்கள். இரண்டு வருடம் வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 81 வீதமானோர் நல்ல நிலையை அடைந்திருந்தார்கள். முந்திச் சிகிச்சை தொடங்கியவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. ஏறத்தாழ 12 வீதமானோருக்கு இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பியும் வந்தது. அதனால்தான் சுகமான பிறகும் கிளினிக் போவதை விடக் கூடாது.

அந்த எண்களைப் பாருங்கள். பெண்கள், நடு வயது இருபத்தொன்று. இது நமது வகுப்பறையின் வயது. நமது கலியாணப் பேச்சுகளின் வயது. பிள்ளைக்கு மூளையில் வருத்தம் என்று வெளியில் தெரிந்தால் நாளைக்கு யார் கேட்டு வருவார்கள் என்று வீட்டார் பயப்படும் வயதும் இதுதான். அந்தப் பயம் கதவைப் பூட்டிவிடுகிறது. பூட்டிய கதவுக்குள் ஒவ்வொரு நாளும் பிறபொருளெதிரி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனம் குழம்பியவர் எல்லோருக்கும் இந்நோய் இல்லை. இது அரிதான நோய். மனச்சோர்வும் மனச்சிதைவும் தனியான நோய்கள். அவற்றுக்கும் வைத்தியம் உண்டு, அவையும் வெட்கப்பட வேண்டியவை அல்ல. போரையும் இடம்பெயர்வையும் கண்ட நமது மண்ணில் மனநல வைத்தியர்கள் செய்யும் சேவை பெரியது. இந்நோயைக் கண்டுபிடிக்க முதலில் சந்தேகிப்பவரும் பல வேளைகளில் ஒரு மனநல வைத்தியராகவே இருப்பார். ஆகவே எந்தக் கதவால் நுழைந்தாலும் பரவாயில்லை, ஆசுபத்திரிக்குள் நுழைவதுதான் முக்கியம்.

எதைக் கண்டால் சந்தேகிக்க வேண்டும்? மாற்றம் திடீரென்று வருவது. நன்றாக இருந்தவர் சில நாட்களில் அல்லது சில கிழமைகளில், மூன்று மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் மாறிப்போவது. அதற்கு முன் காய்ச்சல், தலையிடி இருந்திருப்பது. நித்திரையே இல்லாமல் போவது. பேச்சு குறைந்து நின்றுவிடுவது. இப்போது நடந்தது நினைவில் நில்லாதது. வாய், முகம், கை தாமாக அசைவது. உடல் சிலை போல விறைப்பது. வலிப்பு. காரணமின்றி வியர்வையும் இதயத் துடிப்பும் ஏறி இறங்குவது. மனநோய் மாத்திரை கொடுத்ததும் நிலை மோசமாவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. சிறு பிள்ளைகளில் இது பிடிவாதம், கோபம், நித்திரைக் குழப்பம், பேச்சுப் பின்வாங்கல் என்று தொடங்கலாம். வயதானவர்களிலும் இதன் வேறு வகைகள் உண்டு. நினைவு வேகமாக மங்குவதும், முகமும் கையும் நொடிப்பொழுது வெட்டி இழுப்பதும் அவ்வகை ஒன்றின் அடையாளம். ‘வயசு போயிட்டுது’ என்று அதை விட்டுவிடக் கூடாது.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? மூன்றே காரியங்கள். முதலாவது, எழுதுங்கள். எந்த நாளில் எது தொடங்கியது என்று ஒரு கொப்பியிலோ நாட்காட்டியிலோ குறியுங்கள். வாய் அசைவையும் வலிப்பையும் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்தியரிடம் மட்டும் காட்டுங்கள். இரண்டாவது, அரசாங்க ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். வடமாகாணத்துக்குப் பெரிய ஆசுபத்திரியான யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நமது நகரின் நடுவிலேயே இருக்கிறது. வலிப்போ மயக்கமோ வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 1990 என்ற எண் நம் பெரியவர்களின் மனதில் வேறொரு நினைவோடு கலந்திருக்கிறது. இந்த ஒரு தேவைக்காவது அந்த எண்ணை நல்ல எண்ணாக நினைவில் வைத்திருப்போம். மூன்றாவது, கேளுங்கள். “இது மூளை அழற்சியாக இருக்குமா, டொக்டர்?” என்று மரியாதையோடு கேட்பது தவறல்ல. எந்த நல்ல வைத்தியரும் அதற்குக் கோபிக்கமாட்டார்.

தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. தாய்க்கு முன் ஒரு பிள்ளையின் மாற்றத்தைக் காண்பவள் சில வேளைகளில் பக்கத்து மேசையில் இருப்பவள்தான். நேற்றுவரை நன்றாகக் கணக்குச் செய்தவள் இன்று எண்களைக் குழப்பினால், நன்றாகப் பேசியவள் சொற்களைத் தேடினால், அதைப் பகிடியாக்கி வகுப்பு முழுவதும் பரப்பாதீர்கள். ஆசிரியையிடம் சொல்லுங்கள், அவளுடைய உம்மாவிடம் சொல்லுங்கள். கோள் சொன்னதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது அவளுக்குச் செய்யும் அமானிதம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. யாருக்காவது திடீரென்று ஏதும் மாறினால் ‘என்ன பட்டதோ’ என்று யாரும் கேட்பதில்லை. ‘எப்ப தொடங்கினது?’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நமது ஒவ்வொரு வீட்டிலும் முதல் கேள்வியாகட்டும். துஆவை நாம் கேட்போம், மருந்தையும் தேடுவோம். நோயுற்ற நம் சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.